ஒரே முட்டையில் இனிப்பும் காரமும்: மக்ரூனும் கார பிஸ்கட்டும்

தூத்துக்குடி மக்ரூனுக்கு வேண்டியவை மூன்றே பொருள்கள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. வீட்டில் அதைச் செய்து பார்க்கும் எவருக்கும் அடுத்தபடியாக எழும் கேள்வி, கிண்ணத்தில் மீந்து நிற்கும் மஞ்சள் கருவை என்ன செய்வது என்பதுதான். ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால் வெண்ணெயும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ந்த பேக்கரி கார பிஸ்கட்டின் மாவில் தயிருக்குப் பதிலாக மஞ்சள் கருவைச் சேர்த்துப் பார்த்த பிறகு, நான் இந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்வதை விட்டுவிட்டேன். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு மைதாவின் இழுவையைக் குறைப்பதால், பிஸ்கட் கடித்தவுடன் உதிர்கிறது. நிறமும் தானாகவே பொன்னிறமாக வருகிறது. ஒரு மாலைப் பொழுதில் ஓர் இனிப்பும் ஒரு காரமும் முடித்து, எதையும் வீணாக்காமல் அடுப்பை அணைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இதில் வரிசைதான் முக்கியம். விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரிகளில் அதிகச் சூடு கேட்கும் ரொட்டி முதலில் உள்ளே போகும். சூடு தணியத் தணிய மற்றவை ஒவ்வொன்றாகப் போகும். உலர வேண்டிய பண்டங்களுக்குக் கடைசியில் எஞ்சிய வெப்பமே போதும். வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறு மின்சார பேக்கிங் அடுப்பான ஓடிஜியிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். கார பிஸ்கட்டுக்கு 170 டிகிரி செல்சியஸ் வேண்டும், மக்ரூனுக்கு 120 டிகிரி போதும். மேலும் மக்ரூன் வெந்த பிறகும் அடுப்புக்குள்ளேயே ஆற வேண்டும் என்பதால், அதை முதலில் வைத்தால் அடுப்பு இரவு வரை நமக்குக் கிடைக்காது. ஆகவே காரம் முதலில், இனிப்பு பிறகு.

மாவில் கை வைப்பதற்கு முன் அடுப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. ஓடிஜியின் திருகியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றாக இருப்பது அரிது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடுப்பு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்ப்பதே நேர்வழி. அது இல்லாதவர்கள் சீனியைக் கொண்டு சோதிக்கலாம். சீனி ஏறத்தாழ 186 டிகிரியில் உருகுகிறது. அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனியைப் பரப்பி, 175 டிகிரியில் நன்றாகச் சூடேறிய அடுப்பில் கால் மணி நேரம் வையுங்கள். சீனி உருகிவிட்டால் அடுப்பு காட்டுவதைவிட அதிகமாகக் காய்கிறது என்று பொருள். 190 டிகிரியில் வைத்தும் உருகவில்லை என்றால் குறைவாகக் காய்கிறது என்று பொருள். ட்ரே முழுவதும் பிரெட் துண்டுகளை அடுக்கிச் சுட்டுப் பார்த்தால், எந்த மூலை முதலில் கறுக்கிறது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் வீட்டு அடுப்பில் அது பின்பக்க இடது மூலை. இன்னொன்று: 1,500, 2,000 வாட் இழுக்கும் ஓடிஜியைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலோ மெலிந்த எக்ஸ்டென்ஷன் கம்பியிலோ மாட்டாதீர்கள். பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் போட்டிருக்கும் பவர் பிளக்தான் இதற்கும் வேண்டும்.

மூன்று முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, குளிர்ச்சி இருக்கும்போதே உடைத்துப் பிரித்தால் மஞ்சள் கரு உடையாமல் வரும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்து, வெள்ளைக்கருவைச் சரிபார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். ஒரு பொட்டு மஞ்சள் கரு கலந்தாலும் அந்த வெள்ளைக்கரு சரியாக நுரைக்காது. அதைத் தோசைக்கல்லுக்கு அனுப்பிவிட்டு வேறு முட்டை எடுப்பதே புத்திசாலித்தனம். வெள்ளைக்கருவை மூடி வெளியில் வைத்து அறையின் வெப்பத்துக்கு வர விடுங்கள். கடை முட்டை மூன்றிலிருந்து சுமார் 90 கிராம் வெள்ளைக்கரு கிடைக்கும். சீனியின் அளவு இதைப் பொறுத்தே அமைவதால் தராசில் நிறுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி கார பிஸ்கட். 200 கிராம் மைதா, 25 கிராம் அரிசி மாவு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் தேக்கரண்டி உப்பு, 20 கிராம் பொடித்த சீனி ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலித்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு மொறுமொறுப்புக்காக. சீனி காரத்தைத் தூக்கிக் காட்டுவதற்காக. இதை விட்டுவிட்டால் பேக்கரிச் சுவை வராது. வெண்ணெய் 100 கிராம், உப்பில்லாதது. ரொட்டிக்குத் தடவும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு ஏற்கெனவே இருப்பதால், அதைப் பயன்படுத்துவோர் மாவில் போடும் உப்பைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ள வேண்டும்.

பச்சை மிளகாய் மூன்று, இஞ்சி ஒரு சிறு துண்டு, கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு, கொத்தமல்லி ஒரு சிறு பிடி, சீரகம் அரைத் தேக்கரண்டி. பச்சைப் பொருள்கள் கொண்டுவரும் ஈரத்தை இந்தச் செய்முறையில் மறந்துவிடக் கூடாது. கறிவேப்பிலையையும் மல்லியையும் கழுவியபின் துணியில் பரப்பி, கையில் எடுத்தால் சலசலக்கும் அளவுக்கு உலர்த்துங்கள். மிளகாயின் விதையையும் உள்நரம்பையும் நீக்கிவிட்டு மிகப் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் சாறு வெளியேறி மாவைக் குழைத்துவிடும். பிஸ்கட் முதல் நாள் மொறுமொறுப்பாக இருந்து மறுநாள் நமத்துப்போவதற்குப் பெரும்பாலும் இந்த ஈரமே காரணம். பிஸ்கட் நமத்துப்போனவர்கள் அடுப்பைக் குறை சொல்வார்கள்.

சென்னையிலும் கடற்கரை ஊர்களிலும் கோடையில் வெண்ணெய் வெளியில் வைத்த சிறிது நேரத்திலேயே எண்ணெயாகக் கசியத் தொடங்கும். உருகிய வெண்ணெயில் பிசைந்த பிஸ்கட் அடுப்பில் பரந்து தட்டையாகிவிடும். எனவே குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து, ரவை போன்ற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நறுக்கியவற்றைக் கலந்து, இரண்டு மஞ்சள் கருக்களைச் சேர்த்து மாவைத் திரட்டுங்கள். திரளவில்லை என்றால் மட்டும் ஒரு தேக்கரண்டி புளித்த தயிர். அதற்கும் மேல் வேண்டியிருந்தால் இன்னொரு தேக்கரண்டி. சப்பாத்தி மாவைப்போல அழுத்திப் பிசைந்தால் மைதா இறுகிவிடும். ஒன்றாகச் சேர்ந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது மஞ்சள் கருவை ஒரு தேக்கரண்டி பாலில் கலந்து தனியே வையுங்கள். மாவை வட்டமாகத் தட்டி, மூடி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் முந்திரி வேலையை முடித்துவிடலாம். மக்ரூனுக்கு 150 கிராம் முந்திரி. கடையில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரித்து விற்கும் முழு முந்திரிக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த எண்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதைக் குறிப்பவை, சுவையை அல்ல. பொடிக்கத்தானே போகிறோம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் உடைத்த முந்திரியே போதும், ஆனால் புதியதாக இருக்க வேண்டும். சிக்கு வாடை அடித்தால் சீனியால் அதை மறைக்க முடியாது. வெறும் வாணலியில் நிறம் மாறாமல் லேசாகச் சூடுகாட்டி ஈரத்தைப் போக்கி, முழுதாக ஆறவிட்டு, பிறகு கால் மணி நேரம் பிரிட்ஜில் குளிர வையுங்கள். பொடிக்கும்போது மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். அந்த எண்ணெய் வெள்ளைக்கருவின் நுரையைத் தட்டிப்போட்டுவிடும். மொத்தச் சீனியில் இரண்டு மேசைக்கரண்டியை முந்திரியோடு சேர்த்துச் சுற்றினால் பொடி ஒட்டாமல் வரும். அரிசி ரவையின் பருமன் போதும். பூப்போல நைசாகப் பொடித்த முந்திரியில் செய்த மக்ரூன் எனக்குப் பிடிக்கவில்லை. வாயில் கரையும்போது இடையில் சிறு துகள்கள் அகப்படுவதில்தான் தூத்துக்குடிப் பக்குவம் இருக்கிறது.

அடுப்பை 170 டிகிரியில் பத்து, பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். குளிர்ந்த மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, சிறு மூடியால் வட்டமாக வெட்டி, முள்கரண்டியால் குத்தி, மேலே மஞ்சள் கருவைப் பூசுங்கள். 18 முதல் 20 நிமிடத்தில் ஓரங்கள் சிவந்து, மிளகாயும் வெண்ணெயும் சேர்ந்த மணம் கூடம் வரை வரும். வெளியே எடுக்கும்போது நடுப்பகுதி சற்று மெத்தென்றிருந்தால் கவலைப்பட வேண்டாம், கம்பி வலையில் ஆற ஆற இறுகும். முழுவதும் ஆறிய பிறகும் வளைந்து கொடுத்தால் 140 டிகிரியில் இன்னும் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். அளவான ஓடிஜியில் இரண்டு ட்ரே வரும். ஒரு ட்ரே உள்ளே இருக்கும்போது அடுத்ததைப் பிரிட்ஜில் வைத்திருங்கள்.

கடைசி ட்ரே வெளியே வந்ததும் அடுப்பின் கதவைப் பத்து நிமிடம் திறந்துவையுங்கள். சூடு தணியும், மிளகாய் வாடையும் போகும். வெள்ளைக்கருவை அடிக்கத் தொடங்க வேண்டிய நேரம் இதுதான். அடித்த நுரை காத்திருக்காது என்பதால் இதை முன்கூட்டியே செய்துவைக்க முடியாது.

பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எவ்வளவு தேய்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். எலுமிச்சை மூடியால் பாத்திரத்தின் உட்புறத்தையும் முட்டை அடிக்கும் பீட்டரின் கம்பிகளையும் துடைத்து உலரவிடுங்கள். வெள்ளைக்கருவைக் குறைந்த வேகத்தில் அடிக்கத் தொடங்கி, சோப்பு நுரை போலப் பெரிய குமிழிகள் வந்ததும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட வேண்டும். குமிழிகள் சிறுத்து வெண்மையான பிறகே சீனி சேர்க்கலாம். சீனி, வெள்ளைக்கருவின் எடையில் இரண்டு மடங்கு. அதாவது 90 கிராமுக்கு 180 கிராம், முந்திரியோடு சேர்த்ததும் இந்தக் கணக்கில் அடங்கும். நன்றாகப் பொடித்த சீனியை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக, முன்பு போட்டது கரைந்த பிறகே அடுத்தது என்று நிதானமாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரை அமுங்கி, அடுப்பில் அடிப்பக்கம் பாகு கசியும். விரல்களுக்கு இடையே தேய்த்தால் மணல் தட்டாமல் வழவழப்பாக இருந்து, பீட்டரை உயர்த்தும்போது எழும் முனை சாயாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. அதற்கு மேலும் அடித்தால் பளபளப்புப் போய், திரிந்த பால் போலத் திப்பி திப்பியாகிவிடும்.

முந்திரிப் பொடியை மூன்று தடவையாகப் பிரித்து, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்குங்கள். பொடி மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கூம்பாகச் சுற்றிய தடித்த தாளிலோ பைப்பிங் பையிலோ நிரப்பி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமாகப் பிழிந்து, அப்படியே மேலே இழுத்து விட்டால் மக்ரூனுக்கே உரிய கூர்முனை தானாக அமையும். ட்ரேயில் விரிக்கும் தாளைப் பார்த்து வாங்குங்கள். பட்டர் பேப்பர் என்ற பெயரில் கிடைக்கும் மெல்லிய தாள்கள் சிலவற்றில் மக்ரூன் ஒட்டிக்கொண்டு அடிப்பாகத்தையே இழந்துவிடும். அடுப்புக்கென்று விற்கும் பேக்கிங் பேப்பரில் தட்டினாலே கழன்று வரும்.

120 டிகிரியில் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். உண்மையில் இது வேகவைப்பதைவிட உலர்த்துவதே ஆகும். மேல்புறம் சிவக்கத் தொடங்கினால் உடனே 10 டிகிரி குறையுங்கள். மக்ரூன் லேசான தந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும். ஒன்றை எடுத்து ஆறவிட்டு உடைத்துப் பாருங்கள். நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் பத்து நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் இரவு முழுவதும் உள்ளேயே விட்டுவிடுவது என் வழக்கம். காலையில் எடுத்தால் உள்ளும் புறமும் ஒரே சீராக உலர்ந்திருக்கும். மூன்று முட்டைக்குச் சுமார் 40 மக்ரூன்கள் வரும்.

இந்தப் பண்டத்தின் பூர்வீகம் போர்த்துக்கீசியரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. பிரேசிலிலிருந்து முந்திரியை 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1658இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றும் வரை தூத்துக்குடி அவர்கள் வசம் இருந்தது. ஐரோப்பிய மக்ரூனில் பாதாம் இருந்த இடத்தை இங்கே முந்திரி பிடித்துக்கொண்டது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இப்படி ஒரு பண்டம் நிலைத்தது வியப்புதான், ஏனெனில் சீனி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த தட்டில் வைத்த மக்ரூன் சிறிது நேரத்திலேயே பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் நான் கார பிஸ்கட்டை மட்டும் தயிர் சேர்த்துச் செய்கிறேன். முட்டை சாப்பிடாத அக்கம்பக்கத்தாருக்கும் அதையே கொடுக்கலாம். அப்போது இரண்டு மஞ்சள் கருவுக்கு ஈடாக இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரும் கூடுதலாக 15 கிராம் வெண்ணெயும் சேர்க்க வேண்டும். மேலே பால் மட்டும் பூசினால் போதும்.

இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். பிஸ்கட்டின் கறிவேப்பிலை மணமும் ஈரமும் மக்ரூனுக்கு ஏறிவிடும். முழுவதும் ஆறிய பிறகு, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்களில் தனித்தனியே வைத்தால் மக்ரூன் இரண்டு வாரமும் பிஸ்கட் ஒரு வாரமும் நன்றாக இருக்கும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போகும் என்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் அன்றாடத்துக்கென்று ஒரு சிறு டப்பாவில் தனியாக எடுத்துவைப்பது நல்லது. மெத்தென்று ஆகிவிட்ட மக்ரூனை 100 டிகிரியில் பத்து, பதினைந்து நிமிடம் வைத்து, அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும். விற்பனைக்குச் செய்வதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். முட்டை சேர்ந்த பண்டம் அசைவக் கணக்கில் வருவதால் உறையில் பச்சைக் குறி போடக் கூடாது, பழுப்புக் குறிதான் போட வேண்டும். முந்திரி ஒவ்வாதவர்கள் இருப்பார்கள் என்பதால் அதையும் உறையிலேயே எழுதிவிடுங்கள்.