வெளிநாட்டில் முதல் வாரம்: கடலைக்காய் சாஸ் நூடுல்ஸ்

கொங்குச் சீமையிலிருந்து முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பெட்டியில் கடலைக்காய் கட்டிக்கொண்டு போகாதீங்க. சேவூர்ப் பக்கத்துக் கடலையை வறுத்து, தோல் நீக்கி, டப்பாவில் அடைத்து வீட்டில் தரத்தான் செய்வார்கள். மனசு கேட்காது. ஆனால் கடலை எல்லா நாட்டிலும் கிடைக்கிறது, அரைத்தே கிடைக்கிறது. அந்த இடத்தில் இட்லிப் பொடி வையுங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் அதையும் நுழைவு அட்டையில் குறிப்பிட வேண்டும். உணவுப் பொருளை மறைத்தால் அபராதம் உண்டு. அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு மிக்ஸியும் வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது.

கடலைக்காய் சாஸ் நூடுல்ஸ் செய்ய, போய் இறங்கியதும் வாங்க வேண்டியவை நூடுல்ஸ், பீநட் பட்டர் என்கிற அரைத்த கடலை விழுது, சோயா சாஸ், எலுமிச்சை, பூண்டு, சர்க்கரை. அவ்வளவுதான். பீநட் பட்டர் பெரும்பாலும் ஜாம் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கும். ஜெர்மனியில் எர்ட்நுஸ்மூஸ், நெதர்லாந்தில் பிண்டாகாஸ் என்று கேளுங்க. டப்பாவைத் திருப்பிப் பாருங்க. கடலையும் உப்பும் மட்டும் இருந்தால் அதுதான் நமக்கு. அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்க 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில்தான் சர்க்கரையும், கெட்டியாக நிற்க வைக்கிற கொழுப்பும் வருகின்றன. மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போனது என்று எறிந்துவிடாதீங்க. கொழுப்பு சேர்க்காத கடலை விழுது அப்படித்தான் பிரியும். அடிவரை கிளறிவிட்டால் போதும்.

இந்த ஒரு சாஸை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், முதல் வாரம் வீடு, வங்கி, சிம் கார்டு என்று அலைந்து வந்து பிள்ளைகள் பிரட்டோடு படுத்துவிடுகிறார்கள். கடலைக்காய்ச் சட்னியில் வளர்ந்த நாக்குக்கு இது அந்நியம் இல்லை. சிங்கப்பூரில் சாத்தே பீஹூன் என்று, மெல்லிய அரிசிச் சேமியா மேல் கடலைக் குழம்பை ஊற்றித் தருவார்கள். சந்தகை தெரிந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். தவிர, இதில் தாளிப்பு கிடையாது. பல விடுதிகளில் கடுகு பொரிந்து மிளகாய் கருகினால் புகை அலாரம் அலறும், கட்டிடமே வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கும். வந்த வாரமே அந்தச் சங்கடம் எதற்கு?

ஓர் ஆளுக்கு அளவு இது. கிண்ணத்தில் 2 மேசைக்கரண்டி பீநட் பட்டர், 1 மேசைக்கரண்டி சோயா சாஸ், அரை எலுமிச்சைச் சாறு, 1 தேக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய பூண்டு ஒரு பல், இட்லிப் பொடி 1 தேக்கரண்டி. உப்பு போடாதீங்க, சோயா சாஸிலேயே தாராளமாக இருக்கிறது. நூடுல்ஸை வேகவைத்து, வடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்க. இதை மட்டும் மறக்கக் கூடாது. அதில் இறங்கியிருக்கிற மாவுச் சத்துதான் சாஸை நூடுல்ஸில் ஒட்ட வைக்கும். சூடாக ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்குங்க. முதல் கரண்டிக்கு விழுது இளகாமல் இன்னும் இறுகும். பயப்பட வேண்டாம், மூன்றாவது நான்காவது கரண்டியில் தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிடும். நூடுல்ஸைப் போட்டுப் பிரட்டி, வெள்ளரிக்காயோ கேரட்டோ நறுக்கிப் போட்டு, உடனே சாப்பிடுங்க. ஆறினால் இறுகும்.

சீனக் கடையில் கருஞ்சிவப்பாக ஒரு எள்ளெண்ணெய் இருக்கும். அது எள்ளை வறுத்துப் பிழிந்தது. நம் செக்கு நல்லெண்ணெய் மாதிரி நினைத்து ஊற்றினால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சில சொட்டுப் போதும்.

இனி, தயவுசெய்து நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஊரில் கடலை ஒத்துக்கொள்ளாதவரை நீங்கள் பார்க்காமலே இருந்திருக்கலாம். அங்கே அப்படிப்பட்டவர் அடுத்த அறையிலேயே இருக்கக்கூடும். சிலருக்குத் துளி பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து. அதனால் டப்பாவைத் திறக்கும் முன்பே கூடத் தங்கியிருப்பவர்களிடம், உங்களில் யாருக்காவது கடலை அலர்ஜி உண்டா என்று கேளுங்க. உண்டு என்றால், பொதுச் சமையலறையில் இதைச் செய்ய வேண்டாம். எள் விழுதுக்கு மாறலாம், ஆனால் எள்ளும் சிலருக்கு ஆகாது, அதையும் கேட்டுவிடுங்க. யாருக்கும் இல்லை என்றாலும் கரண்டியையும் மேடையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. குழந்தை இருந்தால், அதன் பள்ளி டப்பாவில் கடலை வைக்கும் முன் பள்ளியில் விசாரியுங்க. பல இடங்களில் அனுமதி இல்லை.

இரண்டு மூன்று வாரத்தில் இந்தியக் கடை எங்கே என்று தெரிந்துவிடும், தோசை மாவும் வந்துவிடும். அப்போது சோயா சாஸையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு, அதே பீநட் பட்டரில் புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு, உப்பு, வெந்நீர் சேர்த்துக் கலக்குங்க. மிக்ஸி இல்லாமலே கடலைக்காய்ச் சட்னி தயார்.