ஏ.எல். பயோ: வருடம் மாறினாலும் மாறாத பிழைகள்

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிவுகள் வந்து, ஏ.எல். (உயர்தரம்) உயிரியல் படிக்கப் பன்னிரண்டாம் தரத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு சலிப்பு வரும். பிள்ளைகள்மேல் இல்லை, பிழைகள்மேல். போன வருடம் அதே வாங்கில் இருந்தவர்கள் விட்ட பிழையைத்தான் இவர்களும் விடுவார்கள். மட்டக்களப்பில் நாங்கள் படித்த காலத்திலும் அதேதான் நடந்தது. படிக்காமல் இருப்பது, பிந்தி வருவது, பரீட்சைக்கு முதல்நாள் கண்விழிப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரப் பிள்ளைகள் விடுகிற பிழைகளைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை

பயோ எடுக்கும் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் அந்த ஆசையோடு பயோவையே கட்டிப்பிடித்துக்கொண்டு இரசாயனவியலையும் பௌதிகவியலையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறார்களே, அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது மூன்று பாடங்களுக்கும் கிடைக்கும் இசட் புள்ளிகளின் சராசரி. பயோவில் ஏ எடுத்து பௌதிகவியலில் எஸ் (சாதாரண சித்தி) எடுத்தால், அந்த எஸ் பயோவின் ஏயையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். பௌதிகவியலுக்குப் பயந்து விவசாய விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைக்கு மருத்துவ பீடம் அன்றைக்கே கைவிட்டுப் போகிறது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். இதைப் பதின்மூன்றாம் தரத்தில் வந்து அறிந்துகொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

மருத்துவம் கிடைக்காவிட்டால் இரண்டு வருடமும் வீண் என்ற நினைப்பும் அப்படித்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் இருக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. இரண்டும் பஸ் ஏறிப் போய்வரும் தூரம். அங்கே போன பிள்ளைகள் யாரும் கெட்டுப்போகவில்லை.

வரவு

பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 வீத வரவு வேண்டும். ரியூஷனுக்குப் போனேன் என்பது அதில் சேராது. பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து, மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளை முதல் பாடத்துக்கு வந்து இருக்கிறது. டவுனுக்குள் இருக்கிற பிள்ளையைத்தான் காணவில்லை.

அக்காட கொப்பி

இனி, எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

உயிரியலுக்கு இப்போது தனியாகச் செய்முறைப் பரீட்சை கிடையாது. இரண்டு தாள்களும் எழுத்துத் தாள்கள்தான். ஆகவே பிரக்டிகல் கொப்பி என்பது ஒப்பம் வாங்குவதற்கான ஒரு சடங்கு என்று பிள்ளைகள் தீர்மானித்துவிடுகிறார்கள். போன வருடம் படித்த அக்காவின் கொப்பி ஒன்று கைக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு பேர் சுற்றியிருந்து அப்படியே இறக்குவார்கள். அந்த அக்காவும் அதற்கு முந்திய அக்காவைப் பார்த்து இறக்கியவள்தான்.

ஒருமுறை வெங்காய மேற்றோல் கலப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் கொப்பியில் கலத்தின் நடுவே கவராயத்தால் வரைந்தது போல ஒரு வட்டம். விளிம்பு தடித்த கறுப்பு. அம்புக்குறி போட்டுக் ‘கரு’ என்று எழுதியிருந்தது. அது கருவே இல்லை, காற்றுக் குமிழி. மூடித்துண்டை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாக வைக்காமல் பொத்தென்று போட்டால் உள்ளே அகப்படுவது. வெங்காயக் கலத்தில் கரு நடுவில் நிற்பது அபூர்வம். கலச்சாறு நிறைந்த பெரிய புன்வெற்றிடம் அதைச் சுவரோரமாகத் தள்ளிவிடும். அயடீன் துளி விடாவிட்டால் சரியாகத் தெரியக்கூட மாட்டாது. சரி, ஒரு பிள்ளை பிழையாகப் பார்த்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது கொப்பியிலும் அதே குமிழி, அதே இடத்தில். மூன்றாவதிலும் அப்படியே. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன்.

“இது என்ன மகள்?”

“கரு சேர்.”

“நீங்க பார்த்தீங்களா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அக்காட கொப்பியில இருந்திச்சு சேர்.”

அந்தக் குமிழி எத்தனை வருடமாகக் கருவாக வாழ்ந்துகொண்டிருந்ததோ தெரியாது. இன்னொரு வருடம் இதைவிட மோசம். மார்கழி வெள்ளத்தில் பள்ளிக்கூடமே மூடியிருந்த ஒரு நாளின் திகதியைப் போட்டு, பெனடிக்ற் சோதனையில் ‘செங்கற் சிவப்பு வீழ்படிவு பெறப்பட்டது’ என்று பத்துப் பன்னிரண்டு கொப்பிகளில் எழுதியிருந்தார்கள்.

சிரிக்கலாம். ஆனால் இதற்கான விலை, இரண்டாம் தாளில் சின்னச் சின்ன விடையாக எழுதும் அமைப்புக் கட்டுரையில் வந்து நிற்கும். செய்முறைப் பரீட்சையைத்தான் எடுத்தார்களே தவிர, செய்முறையை எடுக்கவில்லை. அது கேள்வியாக மாறி இரண்டாம் தாளுக்குள் வந்துவிட்டது. அங்கே முடிவை யாரும் கேட்கப்போவதில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்றுதான் கேட்பார்கள்.

றியோ என்ற செடியின் இலையில் கரைய அழுத்தத்தைத் (solute potential) துணியும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கத்து ஊதா நிற மேற்றோலை உரித்து, வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் துண்டு துண்டாகப் போட்டுவைக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் வைத்து, பார்வைப் புலத்தில் மொத்தம் எத்தனை கலம், அதில் முதலுருச் சுருக்கம் அடைந்தவை, அதாவது நீரை இழந்து உள்ளடக்கம் சுவரைவிட்டு விலகியவை, எத்தனை என்று எண்ணுகிறோம். வீதத்தைச் செறிவுக்கு எதிரே வரைபாக்கி, 50 வீதம் சுருங்கிய செறிவை எடுக்கிறோம். அந்தச் செறிவில் கலத்தின் அமுக்க அழுத்தம் பூச்சியம். ஆகவே கரைசலின் கரைய அழுத்தமே கலச்சாற்றின் கரைய அழுத்தம். இவ்வளவும் எந்தக் கொப்பியிலும் இருக்கிறது, எல்லாரும் ஒப்பிப்பார்கள்.

இப்போது கேட்டுப் பாருங்கள்: உரியை வழுக்கியில் வைக்கும்போது எந்தத் துளியை விட வேண்டும்?

பார்த்து எழுதிய பிள்ளை யோசிக்காமல் “தண்ணி” என்று சொல்லும். வேறு எல்லாச் செய்முறையிலும் தண்ணீர்தானே விட்டோம். ஆனால் இங்கே தண்ணீர் விட்டால் சுருங்கிய கலம் நீரை உள்ளெடுத்துத் திரும்பவும் பழைய நிலைக்கு வந்துவிடும். எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எந்தக் கரைசலில் கிடந்ததோ அதே கரைசலின் துளியைத்தான் விட வேண்டும். இதை லாப்பில் ஒருதரம் பிழையாகச் செய்து, கண்ணுக்கு முன்னாலேயே ஊதா நிறம் சுவர்வரை விரிவதைப் பார்த்த பிள்ளை சாகும்வரை மறக்காது. பாத்திரத்தை ஏன் மூடிவைத்தோம் என்பதும் இதே வகைக் கேள்வி. திறந்து வைத்தால் நீர் ஆவியாகிச் செறிவு கூடிவிடும். சாயம் ஏன் தேவைப்படவில்லை? ஊதா நிறம் கலச்சாற்றிலேயே இருக்கிறது. செய்தவனுக்கு இவை கேள்வியே இல்லை. இறக்கியவனுக்கு இந்த மூன்றும் மூன்று இடத்தில் புள்ளி போகிற வழி. ஓர் அமைப்புக் கட்டுரைக்கு 100 புள்ளி, அதுவும் சின்னச் சின்ன விடைகளாகத்தான் சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல் வருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மழை முடிந்த கையோடு பறித்த றியோ இலையும் ஆவணி வெயிலில் வாடி நின்ற றியோ இலையும் ஒரே பெறுமானத்தைத் தர வேண்டியதில்லை. ஆனால் வகுப்பு முழுக்கத் தசமதானம் பிசகாமல் ஒரே விடை எழுதிக்கொண்டு வரும். பெறுமானம் வித்தியாசப்பட்டால் ஏன் என்று பேசலாம். அந்தப் பேச்சுத்தான் பாடம். அதற்கே வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

ஆகவே என் வகுப்பில் சட்டம் இது. கொப்பி லாப் அலுமாரியில்தான் இருக்கும், வீட்டுக்குப் போகாது. படம் பென்சிலால், கண்ணால் கண்டதை மட்டும். எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் ‘வரவில்லை’ என்று எழுதி, ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்காகப் புள்ளி குறைக்கமாட்டேன். வராத நாளின் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். இடைவேளையில் வந்து செய்த பிறகு நிரப்பலாம். ஒரு தாய் வந்து, “சேர், பிள்ளைட கொப்பியில வெறும் பக்கம் கிடக்கு, மற்றப் பிள்ளையள்ட எல்லாம் நிறைஞ்சிருக்கு” என்று குறைப்பட்டா. அந்த வெறும் பக்கம்தான் அன்றைக்கு வகுப்பிலேயே நேர்மையான பக்கம் என்று சொல்லி அனுப்பினேன். அவவுக்குத் திருப்தியில்லை.

லாப் வசதி இல்லாத பள்ளிக்கூடங்கள் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. ஒரு நுணுக்குக்காட்டிக்குப் பின்னால் முழு வகுப்பும் வரிசையில் நிற்பதும் உண்டு. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் சிலதை வீட்டிலேயே செய்யலாம். ஆறிய சோற்றுக் கஞ்சியைத் தெளிவாக வடித்தெடுத்து, காயத்துக்குப் போடும் பெட்டடினில் தண்ணீர் கலந்து ஒரு துளி விட்டால் மாப்பொருளின் கருநீலம் வரும். இன்னொரு கோப்பைக் கஞ்சியில் உமிழ்நீர் கலந்து, சில நிமிடத்துக்கு ஒருதடவை ஒரு துளி எடுத்துச் சோதித்தால் நிறம் குறைந்துகொண்டு வந்து கடைசியில் வராமலே போகும். அமிலேசு நொதியம் வேலைசெய்வது அதுதான். சுவாச வேருக்குப் படம் தேடிப் புத்தகம் புரட்டவும் வேண்டாம். வாவிக்கரைச் சேற்றில் பென்சில் நட்டு வைத்தது போல அவிசேனியாவின் வேர்கள் நிற்கின்றன. ரைசோபோராவின் நாற்று மரத்திலேயே முளைத்துத் தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கு வருகிறார்கள். பிறகு கண்டல் தாவரத்துக்கு உதாரணம் கேட்டால் மேலே பார்த்து யோசிக்கிறார்கள்.

விஞ்ஞானப் பெயர்

சாதிப் (genus) பெயரின் முதலெழுத்துப் பெரிது, இனப் (species) பெயர் முழுக்கச் சிறிது, கையால் எழுதினால் இரண்டுக்கும் தனித்தனியே கீழ்க்கோடு. ஒரே கோடாக இழுக்காதீர்கள்.

பழைய வினாத்தாளைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வது

இப்போதைய பாடத்திட்டம் 2017 இல் தொடங்கியது. அதற்கான முதல் பரீட்சை 2019 இல் நடந்தது. அதற்கு முந்திய தாள்களில் நல்ல கேள்விகள் உண்டு, ஆனால் இன்றைக்குத் தேவையில்லாதவையும் உண்டு, ஆழம் மாறியவையும் உண்டு. மீள்சேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பத்தையும் சேர்த்து மூலக்கூற்று உயிரியல் இப்போது ஏழாம் அலகாகத் தனியே நிற்கிறது. அதைப் பழைய தாளை வைத்து அளக்க முடியாது. தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வெட்டிவிட்டுச் செய்யுங்கள். வள நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ரியூட்டுக்கு (ரியூஷன் வகுப்பில் விற்கும் அச்சுக் குறிப்பு) காசு கொடுக்கிற பிள்ளைகளில் பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

தெரிந்ததை எல்லாம் கட்டுரையில் கொட்டுவது

தாவரத்தில் நீர் மேலே கொண்டுசெல்லப்படும் பொறிமுறையை விவரிக்கச் சொன்னால், நீரைக் கடத்தும் இழையமான காழின் அமைப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டுத்தான் ஆவியுயிர்ப்புக்கே வருவார்கள். ஆவியுயிர்ப்பு இழுவை, நீர் மூலக்கூறுகளின் பிணைவு, காழ்ச்சுவரோடு ஒட்டிக்கொள்வது, வேரிலிருந்து இலைவரை நீரழுத்தம் (water potential) குறைந்துகொண்டு போவது: திருத்துபவர் தேடுவது இவற்றை. ஒன்றரைப் பக்கமும் அழகாக எழுதப்பட்டிருக்கும், புள்ளி மட்டும் இராது.

நேரமும் அதற்குள்தான் போகிறது. இரண்டாம் தாளுக்கு மூன்று மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், கட்டுரை ஆறில் நான்கு. எட்டுக் கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒன்றுக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. பிடித்த கட்டுரைக்கு நாற்பது நிமிடம் செலவழித்தவர் கடைசிக் கட்டுரையைத் தலைப்போடு விட்டுவிட்டு வருவார். ஒரு கட்டுரைக்கு 150 புள்ளிதான், எவ்வளவு எழுதினாலும் அதற்குமேல் இல்லை. வாசிப்புக்குத் தருகிற மேலதிக பத்து நிமிடத்தில் எந்த நான்கு என்று முடிவெடுத்துவிடுங்கள்.

எம்.சி.கியூ.வில் வெற்றிடம்

முதலாம் தாளின் பல்தேர்வுக் கேள்விகளில் பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஐம்பதுக்கும் கீறிவிட்டு எழும்புங்கள்.

ஒரு பாடத்துக்கு மூன்று சேர்

களுவாஞ்சிக்குடியில் ஒருவர் தியரிக்கு, கல்முனையில் ஒருவர் பேப்பர் கிளாசுக்கு, சூமில் ஒருவர் ரிவிஷனுக்கு. மூவரும் நன்றாகத்தான் படிப்பிப்பார்கள், என்னைவிடக் கெட்டிக்காரர்களாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே அலகை மூன்று ஒழுங்கில் மூன்று கொப்பியில் எழுதிய பிள்ளைக்கு எதைத் திருப்பிப் பார்ப்பது என்று தெரியாமல் போகிறது. கேட்டுக்கொண்டே இருப்பதால் படித்த மாதிரி ஒரு நினைப்பு வேறு. ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். மற்ற இரண்டு வகுப்பின் நேரத்தில் வீட்டிலிருந்து வள நூலை வாசியுங்கள்.

பொதுச் சாதாரணப் பரீட்சை

ஏ.எல். பாடங்களோடு சேர்த்து எல்லாரும் எழுதும் இந்தத் தாளில் 30 புள்ளி இல்லாவிட்டால் மூன்று ஏ இருந்தாலும் பல்கலைக்கழகம் இல்லை. பதின்மூன்றாம் தரத்தில் மாதம் ஒரு பழைய தாள் செய்தால் போதும்.