திறந்த சில்லர் குளிராமல் படுத்தியபோது

கடையில் பால், தயிர் வைக்கும் கதவில்லாத சில்லர். 4 டிகிரி வைத்தும் முன்வரிசை பாக்கெட்டுகள் 9-க்குக் கீழே இறங்கவில்லை. கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. மெக்கானிக் கேஸ் பார்த்தார், சரியாக இருந்தது. காயிலைக் கழுவியும் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பலனில்லை. நாலைந்து நாள் வீண்.

விசித்திரம் என்னவென்றால், ராத்திரி கடை மூடியதும் தானாகக் குளிரும். ஆள் நடமாட்டம்தான் காரணம் என்றார்கள். ஆளில்லாத மதியத்திலும் அதே 9!

இதில் கதவுக்குப் பதில், மேலிருந்து கீழே விழும் குளிர்காற்றுதான் திரை; கீழ்க் கிரில் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊதுபத்தியைக் கொளுத்தி மேல் விளிம்பில் பிடித்தேன். புகை நேராகக் கீழ்க் கிரில்லுக்கு இறங்க வேண்டும். பாதியிலேயே வெளியே சுருண்டது. பில் கவுன்டர் ஃபேனை நிறுத்தியதும் நேரானது, இடது ஓரம் தவிர. அங்கே மேலே காற்று வரும் தேன்கூட்டுத் தட்டில் தூசி அடை. கீழே ஆஃபர் அட்டை கிரில்லை மூடியிருந்தது. இந்த வகைப் பெட்டியில் குளிர்ச்சிச் சுமையில் பெரும்பங்கு உள்ளே புகும் வெளிக்காற்றுதான். திரை கிழிந்தால் கேஸ் என்ன செய்யும்?

ஃபேனைத் திருப்பி, தட்டைக் கழுவி, அட்டையை எடுத்து, பாக்கெட்டுகளை, சரக்கு தாண்டக் கூடாத கோட்டுக்கு உள்ளே தள்ளினோம். மறுநாள் பகலிலேயே 5. கம்ப்ரசரும் நின்று நின்று ஓடுகிறது, அப்பாடா. தட்டுக்கு வெந்நீர் வேண்டாம். பிளாஸ்டிக் வளைந்தால் காற்று கோணலாக விழும்.