பூகா வெந்நீர் ஊற்றுக்குப் போறவங்க பண்ற தப்புகள்

ஒவ்வொரு சீசனும் லடாக் போற புதுப் பசங்க அதே தப்பையேதான் பண்றாங்க, பார்த்துப் பார்த்து வயிறெரியுது. சன்ஸ்க்ரீன், ஜாக்கெட் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். லடாக்கோட பெரிய ஊரான லேயில இருந்து சிந்து நதியை ஒட்டியே வந்து மாஹே பாலம், சும்தோ தாண்டினா பூகா பள்ளத்தாக்கு. சுமார் 4,400 மீட்டர் உயரம், பேருக்குத்தான் மழை பெய்யுற குளிர் பாலைவனம், நடுவுல தரையில இருந்து ஆவி வந்துட்டே இருக்கும்.

லேயில இறங்கின மறுநாளே கிளம்புறது

வேணாம். உயரத்துக்கு உடம்பு பழகணும், ரெண்டு நாள் முழுசா ரெஸ்ட்.

வெள்ளைத் தரையில கால் வைக்கிறது

எனக்கு இன்னும் ஆத்திரம் வர்றது இதுலதான். ஊற்றைச் சுத்தி தரை வெள்ளை வெளேர்னு, அங்கங்க மஞ்சளா இருக்கும். போராக்ஸ் (வெங்காரம்), உப்பு, கந்தகம் எல்லாம் காய்ஞ்சு படிஞ்ச பொறுக்கு அது. பார்க்க கெட்டியா தெரியும், ஆனா சில இடத்துல அப்பளம் மாதிரி மெலிசு, அடியில கொதிக்கிற சேறு. 1970கள்ல ஜியாலஜிகல் சர்வே (மத்திய அரசோட நிலவியல் துறை) ஆளுங்க துளை போட்டப்பவே கீழ 100 டிகிரிக்கு மேல சூடு இருந்துச்சு.

எங்களோட வந்த ஒரு தம்பி, டிரைவர் கத்த கத்த காதுல வாங்காம, ஆவி பின்னாடி தெரியுற மாதிரி போட்டோ வேணும்னு நேரா உள்ள நடந்தான், பொறுக்கு உடைஞ்சு ஒரு கால் கணுக்கால் வரைக்கும் இறங்கிடுச்சு. ஷூவுக்குள்ள புகுந்த தண்ணி வெளிய போகாம சாக்ஸோட வச்சு வேக வச்சிடுச்சு, அவசரத்துல சாக்ஸை இழுத்தா தோலும் கூடவே வருது. லே ஆஸ்பத்திரிக்கு அரை நாள் ரோடு, வழியெல்லாம் துடிச்சுட்டே வந்தான்.

அந்த உயரத்துல தண்ணி 85 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அதனால அவ்ளோ சுடாதுன்னு வாதம் பண்றவங்களும் இருக்காங்க. 60 டிகிரி தண்ணியே அஞ்சு செகண்ட்ல ஆழமா புண்ணாக்கிடும். 85க்கு ஒரு செகண்ட் கூட வேணாம்.

ஊர்க்காரங்க நடக்குற தடத்துல மட்டும் போங்க. ஆட்டுத் தடத்தை நம்பாதீங்க, ஆட்டோட வெயிட் வேற, உங்க வெயிட் வேற. சுட்டுடுச்சுன்னா உடனே ஷூவைக் கழட்டுங்க, துணி ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, கையில இருக்குற குடிதண்ணியை 20 நிமிஷம் விடாம ஊத்துங்க. பேஸ்ட் தடவவே கூடாது.

சோப்பு, ஷாம்பூ

கூடாது. கருப்புக் கழுத்துக் கொக்கு மேயுற ஈரநிலம் அது.

ப்ரீபெய்ட் சிம்மை நம்பி போறது

நம்ம ஊர் ப்ரீபெய்ட் அங்க எடுக்காது.

பூகாவுலதான் குளிப்பேன்னு அடம் பிடிக்கிறது

குளிக்கத்தான் ஆசைன்னா வர்ற வழியிலயே சிந்து கரையில சுமாதாங் இருக்கு, நுப்ரா பக்கம் போனா பனாமிக், ரெண்டு இடத்துலயும் குளிக்க ரூம் இருக்கு. தண்ணியை விளாவிட்டு பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுங்க, அந்த உயரத்துல ரொம்ப நேரம் ஊறினா எழுந்திரிக்கும்போது தலை சுத்தும், கூட வந்தவங்க ஒருத்தர் கதவுக்கு வெளிய நிக்கட்டும்.