வளர்ப்பு வான்கோழியின் தொன்மை: சான்றுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அமெரிக்கக் கண்டங்களில் மனிதர் பழக்கி வளர்த்த விலங்குகளும் பறவைகளும் மிகச் சிலவே. வான்கோழி அவற்றுள் ஒன்று. இருப்பினும், ஓர் அகழாய்வில் அதன் எலும்பு கிடைத்தது என்ற செய்தியைக் கண்டவுடன், அங்கே வான்கோழி வளர்க்கப்பட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது காடுகளில் பெருமளவில் வேட்டையாடப்பட்ட பறவை. எலும்பு மட்டும் வேட்டையையும் வளர்ப்பையும் பிரித்துக் காட்டாது. எலும்பின் அளவை நம்புவதும் ஆபத்தானது. சேவல் பெட்டையைவிட மிகப் பெரியது, துணையினங்களும் உருவளவில் வேறுபடுகின்றன என்பதால், ஒரு பெரிய எலும்பு நன்கு தீனியிட்டு வளர்த்த பறவையுடையதாகவும் இருக்கலாம், காட்டுச் சேவலுடையதாகவும் இருக்கலாம்.

கிடைத்த இடத்தை வைத்தே இனத்தை ஊகிப்பது அடுத்த தவறு. மாயா நாகரிகம் தழைத்த தாழ்நிலக் காடுகளில் இயல்பாக வாழ்வது, வாலிறகில் கண் போன்ற புள்ளிகளைக் கொண்ட வேறொரு வான்கோழி இனம். அதை எவரும் முழுமையாக வீட்டுப் பறவையாக்கவில்லை. ஆகவே அப்பகுதியின் பழைய எலும்புகளெல்லாம் அந்த இனத்தைச் சேர்ந்தவை என்று கருதுவது எளிதாக இருந்தது. குவாத்தமாலாவில் உள்ள பழைய மாயா நகரான எல் மிராடோரில் கிடைத்த எலும்புகளைத் தொல்மரபணு ஆய்வுக்கு உட்படுத்தியபோது, அவற்றுள் இன்றைய பண்ணை வான்கோழியின் மூதாதையான மெக்சிகோ வான்கோழியும் இருந்தது தெரியவந்தது. 2012இல் வெளியான இந்த முடிவின்படி, கி.மு. 300க்கும் கி.பி. 100க்கும் இடைப்பட்ட காலத்திலேயே, தன் இயற்கை எல்லைக்கு வெகு தெற்கே அப்பறவை கொண்டுசெல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கொண்டுவந்தது வேறு, அங்கேயே குஞ்சு பொரிக்க வைத்தது வேறு.

அருகில் வாழும் காட்டுப் பறவைதான் வளர்ப்புப் பறவையின் மூதாதை என்ற எண்ணமும் உண்மைக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவின் தென்மேற்கில், இன்றைய பியூப்ளோ பழங்குடி மக்களின் முன்னோர் வளர்த்த வான்கோழிகள் அங்குள்ள மலைக்காட்டுத் துணையினத்திலிருந்து வந்தவையல்ல. 38 அகழிடங்களின் எலும்புகளையும் பறவைக் கழிவுகளையும் ஆராய்ந்து 2010இல் வெளியான மரபணு ஆய்வு, அவை கிழக்கே வாழும் துணையினங்களுக்கே நெருக்கமானவை என்று காட்டியது. மெக்சிகோவில் ஒன்று, அதற்கு வடக்கே ஒன்று என வான்கோழி தனித்தனியே இருமுறை பழக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. இன்று உலகெங்கும் பண்ணைகளில் வளரும் வான்கோழி மெக்சிகோ வழியில் வந்தது. ஸ்பானியர் அதை 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்.

தீனியைப் பற்றிய சான்றில் இன்னும் கவனம் வேண்டும். மக்காச்சோளத்தில் கனமான கார்பன் ஐசோடோப்பின் (எடை சற்றே கூடிய கார்பன் அணு வகை) விகிதம் மற்ற பெரும்பாலான செடிகளைவிட அதிகம், அதைத் தின்ற பறவையின் எலும்புப் புரதத்திலும் அந்த அடையாளம் பதியும். அதைக் கண்டவுடன் ‘மனிதர் தீனி போட்டார்கள்’ என்று எழுதுவது அவசரம்: காட்டு வான்கோழி வயலில் புகுந்து மேயும், முளைக்கீரை இனச் செடிகளின் விதைகளும் இதே வகை அடையாளத்தைத் தரும். ஒரே குடியிருப்பின் பல பறவைகள் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்தன என்று தெரிந்தால்தான் வாதம் நிற்கும்.

முட்டையோடும் அப்படித்தான். காட்டுக் கூட்டிலிருந்து எடுத்துவந்து தின்ற முட்டைக்கும் ஓடு உண்டு. ஆனால் கரு வளரும்போது ஓட்டின் உட்புறத்திலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுவதால், அந்த அரிப்பை நுண்ணோக்கியில் பார்த்து, முட்டை அடைகாக்கப்பட்டதா என்று சொல்ல முடியும். மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், மித்லா அருகே சுமார் 1,500 ஆண்டுகள் பழமையான, உடையாத முட்டைத் தொகுதி ஒன்று வீட்டுப் பகுதியில் கிடைத்தது. குஞ்சுகளின் எலும்புகளும் வளர்ந்த பறவைகளின் எலும்புகளும் அருகிலேயே இருந்தன. எல்லா வயதுப் பறவைகளும் வீட்டருகே ஒருசேரக் கிடைப்பதுதான் என் பார்வையில் மிக வலுவான சான்று.

வளர்த்தது இறைச்சிக்காகத்தான் என்று முன்கூட்டியே கருதிக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேரூன்றிய பிழை. தென்கிழக்கு யூட்டாவில் கிடைத்த, சுமார் 800 ஆண்டுகள் பழமையான ஒரு போர்வையில், ஏறத்தாழ 180 மீட்டர் நீளமுள்ள யக்கா என்ற செடியின் நார்க்கயிற்றைச் சுற்றிச் சுமார் 11,500 வான்கோழி இறகுகள் பின்னப்பட்டிருந்தன. அதற்கு 4 முதல் 10 பறவைகள் தேவைப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். இறகு உதிரும் பருவத்தில் உயிருள்ள பறவையிடமிருந்தே வலியின்றி இறகெடுக்கலாம் என்பதால், அதே பறவை மீண்டும் மீண்டும் பயன்பட்டிருக்கும். அப்பகுதியில் வான்கோழி முக்கிய உணவானது, மான் முதலிய வேட்டை விலங்குகள் குறைந்த 12, 13ஆம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முந்தைய காலத்துக் குப்பைமேட்டில் வெட்டுக்காயம் பட்ட எலும்புகள் சிலவே கிடைப்பதைக் காட்டி, வளர்ப்பே நடக்கவில்லை என்று கணக்கிட முடியாது.