வளையாத அவுட்ஸ்விங்: காரணம் கட்டைவிரல்

கிரிக்கெட்டில் புதுப் பந்தில் போட்டாலும் என் அவுட்ஸ்விங் (பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளைய வேண்டிய பந்து) நேராகத்தான் போனது. ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், பலனில்லை. (புதுப் பந்தில் இரண்டு பக்கமும் பளபளப்புதான், வேலை செய்வது தையல்.) தையலை ஸ்லிப் (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்) பக்கம் இன்னும் சாய்த்தேன். ம்ஹூம். காற்றில் ஈரமில்லை என்றார் நண்பர். அதே நெட்ஸில் அவர் பந்து வளைந்துகொண்டிருந்தது!

அப்புறம் தையல்மேல் மார்க்கரால் கறுப்புக் கோடு போட்டு, பின்னாலிருந்து ஸ்லோ மோஷனில் படம் பிடித்தேன். கையை விட்டதுமே கோடு ஓயப்போகும் பம்பரம் போலத் தள்ளாடியது.

தையல் ஒரே கோணத்தில் நின்றால், அது இருக்கும் பக்கத்தில் காற்றுப்படலம் கலங்கி, பந்தை ஒட்டியே அதிக தூரம் போய்ப் பிரியும். மறுபக்கம் முன்னதாகவே பிரிந்துவிடும். இந்த வித்தியாசம்தான் பந்தைத் தையல் காட்டும் திசைக்குத் தள்ளுகிறது. தள்ளாடினால் விசை மாறி மாறி ரத்தாகும்.

என் கட்டைவிரல் தையலுக்கு அடியில் இல்லாமல் பக்கவாட்டில் பிடித்திருந்தது. விடும்போது உரசி, சுழல் அச்சைச் சாய்த்தது. கட்டைவிரலின் ஓரத்தைத் தையல்மேல் வைத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைசியாகச் சேர்ந்து பிரியும்படி விட்டேன். பின்சுழல் சுத்தமாக வந்தது, கோடு அசையவில்லை. தையலைச் சுமார் 20 டிகிரி சாய்த்ததும் பந்து ஸ்லிப் பக்கம் விலகியது. அப்பாடா! அடுத்து, உள்ளே வளையும் இன்ஸ்விங்கருக்கும் இதே கோட்டுச் சோதனை.