சொந்தத் தொழில் எதற்காக? தொடங்கும் முன் காரணத்தை எழுதிப் பார்க்கும் முறை

சொந்தத் தொழில் தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தொழில், எவ்வளவு முதல், எந்த வங்கியில் கடன் என்ற மூன்று கேள்விகளோடுதான் அடுத்தவரிடம் யோசனை கேட்கப் போகிறார்கள். இவற்றுக்கு முன்னால் நிற்கவேண்டிய கேள்வி, இந்தத் தொழிலை நான் எதற்காகத் தொடங்குகிறேன் என்பது. மனத்தைத் தேற்றிக்கொள்வதற்கான கேள்வியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு கடன் வாங்கலாம், கூட்டாளி வேண்டுமா, ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பலாமா, நட்டம் வந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற முடிவுகள் அனைத்தும் இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. காரணங்களில் உயர்ந்தது தாழ்ந்தது என்று பிரிக்க நான் விரும்பவில்லை. ஒவ்வொரு காரணத்துக்கும் பொருந்துகிற தொழில் வடிவமும் உண்டு, அதைக் கெடுத்துவிடுகிற வடிவமும் உண்டு என்பதே என் உறுதியான எண்ணம்.

எழுதும் முறை

ஒரு தாளில் மூன்று வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். எதிலிருந்து விலக நினைக்கிறேன் என்பது முதல் வாக்கியம். எதை அடைய நினைக்கிறேன் என்பது இரண்டாவது. நான் அடைய நினைப்பது சொந்தத் தொழில் இல்லாமலே கிடைக்குமா, கிடைக்கும் என்றால் அந்த வழியை ஏன் விடுகிறேன் என்பது மூன்றாவது. பலருக்கு முதல் வாக்கியம் தடையின்றி வந்துவிடும். மேலாளரின் கடுமை, சம்பள உயர்வு இல்லாமை, ஊரை விட்டு வெளியூரில் தங்கவேண்டிய நிலை என்று பக்கம் நிறையும். இரண்டாவதில் கை நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால், உங்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படுவது வேறு வேலையாகவே இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் செலவாவதை, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்த பிறகு தெரிந்துகொள்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுதும்போது ஒரே காரணம்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1999 முதல் பல நாடுகளில் ஆண்டுதோறும் ஆய்வு நடத்திவரும் குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர் என்ற அமைப்பு, தொடக்கத்தில் தொழில்முனைவோரை வேறு வழியின்றி வந்தவர்கள், வாய்ப்பைக் கண்டு வந்தவர்கள் என்று இரண்டாகவே பிரித்துவந்தது. 2019 முதல், உலகில் ஒரு மாற்றத்தை உண்டாக்குவது, பெருஞ்செல்வம் சேர்ப்பது, குடும்பத் தொழிலைத் தொடர்வது, வேலை கிடைப்பது அரிதாக இருப்பதால் பிழைப்புக்கு வழி தேடுவது என்று நான்கு காரணங்களைத் தனித்தனியே கேட்கிறது. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு ஆம் என்று சொல்லலாம். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் தாளில் எத்தனை காரணங்கள் இருந்தாலும், இரண்டு காரணங்கள் மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

வருமானமே காரணம் என்றால்

இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. பணத்துக்காகத் தொடங்குகிறேன் என்று எழுதியவர், அடுத்த வரியிலேயே எவ்வளவு பணம் என்று எழுதவேண்டும். கோவையில் மாதம் 35,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சிற்றுண்டிக் கடை வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீட்டுச் செலவு மாதம் 28,000. கடை வாடகை, ஆள் கூலி, மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து 36,000. நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்குச் செலவு போக நாற்பது ரூபாய் கையில் நிற்கும் என்றால், மொத்தம் 64,000 ரூபாயை எடுக்க மாதம் 1,60,000 ரூபாய்க்கு விற்பனை நடக்கவேண்டும். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு ஏறத்தாழ 6,150 ரூபாய். ஒருவர் சராசரியாக அறுபது ரூபாய்க்குச் சாப்பிட்டால் தினமும் நூறு பேருக்கு மேல் வரவேண்டும். இத்தனைக்குப் பிறகும் அவர் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தை எட்டவில்லை. கடன் தவணையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தக் கணக்கு யாரையும் பயமுறுத்துவதற்காகச் சொல்லப்படவில்லை. அந்தத் தெருவில் மதியத்துக்குள் நூறு பேர் நின்று சாப்பிடும் கடை ஏற்கெனவே இருந்தால், கணக்கு நடக்கக்கூடியதுதான். ஆனால் வருமானத்துக்காகத் தொடங்குகிறவர் தொழிலின் மீது பாசம் வைக்காமல் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குறிப்பிட்ட மாதங்களுக்குள் அந்த எண் வராவிட்டால் இடத்தையோ பண்டத்தையோ தொழிலையோ மாற்ற அவர் தயங்கக் கூடாது, ஏனெனில் அவர் எழுதிய காரணம் அந்த மாற்றத்தைத் தடுக்கவில்லை.

மானியம் கிடைக்கிறது என்பதைக் காரணமாக எழுதுகிறவர்களும் உண்டு. 2008-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், விண்ணப்பதாரரின் பிரிவையும் இடத்தையும் பொறுத்துத் திட்ட மதிப்பில் 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஆனால் அந்தத் தொகை கையில் கொடுக்கப்படுவதில்லை. வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருந்து, தொழில் நடந்துகொண்டிருப்பதை உறுதிசெய்த பிறகே கடனில் கழிக்கப்படும். மானியத்துக்காகத் தொழில் என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் இத்திட்டங்களைப் பற்றி விசாரிக்கவேண்டியது அவசியம்தான்; ஆனால் அது வேறு காரணத்தோடு போய்ச் செய்யவேண்டிய விசாரணை.

சுதந்திரமே காரணம் என்றால்

யாருக்கும் கைகட்டி நிற்கக் கூடாது என்பதற்காகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கொங்குப் பகுதியில் மிக அதிகம். திருப்பூரில் இன்று பனியன் கம்பெனி நடத்துகிறவர்களில் பலர் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றவர்கள். கோவையில் லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர் பணம் சேர்த்து, பழைய லேத் ஒன்றை வாங்கி, வாடகைக் கொட்டகையில் ஜாப் ஆர்டர் (பிற கம்பெனிகள் தரும் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுப்பது) எடுக்கத் தொடங்குவதும் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. திருப்பூரில் தைப்பது, சாயமிடுவது, அச்சிடுவது, இஸ்திரி போடுவது என்று ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கூடங்களில் நடப்பதால், சில தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டே ஒருவர் முதலாளி ஆகிவிட முடிகிறது.

ஆனால் சுதந்திரத்துக்காக வந்தவர் மிகவும் கவனிக்கவேண்டிய இடமும் இதுவே. ஒரே கம்பெனியின் ஜாப் ஒர்க்கை மட்டும் நம்பியிருக்கும் கூடத்தின் உரிமையாளர், அந்தக் கம்பெனியின் தொழிலாளியைவிடக் குறைந்த சுதந்திரத்தோடு வாழ்கிறார். பீஸ் ரேட்டை, அதாவது ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, அந்தக் கம்பெனிக்காரர்கள் வைக்கிறார்கள். சரக்கு வரும் நாளையும் பணம் வரும் நாளையும் அவர்களே சொல்கிறார்கள். தொழிலாளிக்காவது வாரக் கடைசியில் கூலி வந்துவிடும், இவருக்கு அதுவும் நிச்சயமில்லை. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதாந்தரக் கூட்டு வட்டியாகத் தரவேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துகொண்டு இந்த உரிமையை வைத்திருப்பது நல்லது. எனினும் ஒரே ஒரு கம்பெனியை நம்பிப் பிழைப்பவர் அந்தக் கம்பெனியின்மீது புகார் எழுதத் துணிவதில்லை என்பதுதான் நடைமுறை.

ஆகவே சுதந்திரம் என்று எழுதியவர், யாரையும் சாராமல் இருக்கும்படியே தொழிலை அமைத்துக்கொள்ளவேண்டும். எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, கடனைக் குறைவாக வைப்பது, வளர்ச்சி தாமதமானாலும் ரொக்கத்துக்கு வாங்கிச் செல்பவர்களைச் சேர்ப்பது ஆகியவை அவருடைய விதிகளாக இருக்கவேண்டும். பெரிய ஆர்டர் ஒன்று வந்து, அதற்காகப் புதிய இயந்திரங்களைக் கடனில் வாங்கவேண்டிய நிலை ஏற்படும்போது, வருமானம் என்று எழுதியவர் ஏற்றுக்கொள்ளலாம். சுதந்திரம் என்று எழுதியவர் மறுப்பதே அவருடைய காரணத்துக்கு உண்மையாக இருப்பதாகும்.

கோபம், கட்டாயம், கைத்திறன்

உறவுகளோடு அல்லது பழைய முதலாளியோடு ஏற்பட்ட மனக்கசப்பு தொழிலுக்குத் தள்ளுவது உண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் குடும்ப நிறுவனத்தில் கருத்து வேறுபாடு கொண்டு வெளியேறி, 1983-ல் 15,000 ரூபாய் மூலதனத்தில் தொடங்கியதே பின்னாளில் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. அவரை வெளியே அனுப்பியது வேறுபாடு. நிலைநிறுத்தியதோ சிக் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டுகளில் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோகும் வழியை அவர் அறிந்திருந்தது. உங்கள் தாளில் கோபம் இருந்தால் இருக்கட்டும். அந்தக் கோபம் தணிந்துவிட்ட ஒரு நாளிலும் இந்தத் தொழிலை நான் செய்வேனா என்று பக்கத்தில் எழுதி விடை தேடுங்கள்.

கட்டாயத்தினால் வருகிறவர்களுக்குத் தேர்வு செய்ய நேரம் இருப்பதில்லை என்று நினைக்கிறோம். சிவகாசியின் கதை வேறு மாதிரி. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் விவசாயம் கைகொடுக்காத நிலையில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, திரும்பி வந்து ஊரிலேயே தொடங்கினார்கள். விவசாயத்துக்குப் பகையாக இருந்த வறண்ட காற்று தீக்குச்சி உலர்வதற்குத் துணையாக இருந்தது. வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். கட்டாயத்தில் இருப்பவர் செய்யவேண்டியது, கையில் இருக்கும் பணத்தை உடனே கடையில் போடுவதைத் தள்ளிவைத்து, சில மாதங்கள் அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் கூலிக்காவது வேலை பார்ப்பது. குடும்பத்தின் சாப்பாடு நின்றுவிடாமல் தொழிலையும் கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

கைத்திறனை நேசித்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் போதும். தைப்பதையோ சமைப்பதையோ நேசிக்கிறவர் முதலாளி ஆனதும் பாக்கி வசூலிப்பது, ஆள் தேடுவது, ஜிஎஸ்டி கணக்குக் கொடுப்பது ஆகியவற்றிலேயே நாளைக் கழிக்கவேண்டிவரும். சிறியதாகவே நடத்துவது அல்லது கணக்கு வழக்கை விரும்பிச் செய்யும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது என்று இரண்டில் ஒன்றைத் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள்.

பிறருக்காக என்று எழுதியவர்கள்

இந்தக் காரணம் விலை நிர்ணயத்திலேயே தெரியவேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பது அவர் காரணம். அதற்காக நன்கொடையை மட்டும் நம்பாமல், கட்டணம் செலுத்துகிறவர்களிடமிருந்து வரும் வருமானத்தைக் கொண்டு இலவச அறுவைச் சிகிச்சைகளை நடத்தும் முறையை அமைத்தார். அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு விழிவில்லைகளின் விலை தடையாக நின்றபோது, 1992-ல் ஆரோலேப் என்ற பிரிவு அவற்றை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவான சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, நாப்கினைத் தாமே பெரிய அளவில் தயாரித்து விற்காமல், இயந்திரத்தைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தார். இருவருக்கும் காரணமே தொழிலின் வடிவத்தைச் சொல்லியிருக்கிறது. சேவை என்று எழுதிவிட்டு, பணம் தர முடியாதவருக்கு உங்கள் பொருள் எப்படிப் போய்ச் சேரும் என்று எழுத முடியவில்லையென்றால், அந்தச் சொல்லை நீக்கிவிட்டு அடுத்த காரணத்தைப் பாருங்கள்.

எழுதியதைச் சோதிப்பது

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலாண்ட் வளையம் எறியும் விளையாட்டைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம் என்றபோது, சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் கம்பத்தை ஒட்டியும் நிற்கவில்லை, எட்டாத் தொலைவிலும் நிற்கவில்லை; முயன்றால் விழக்கூடிய இடைத் தொலைவைத் தேர்ந்தார்கள். 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த தொழில் செய்வோருக்கு ஐதராபாத்தில் இந்த வேட்கையை வளர்க்கும் பயிற்சி தரப்பட்டபோது, மரபான நம்பிக்கைகள் அதற்குத் தடையாக இல்லை என்பதும் தெரியவந்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய சோதனை எளியது: வேலையை விடாமல், இழந்தாலும் வீடு தாங்கக்கூடிய தொகையில், மூன்று மாதம் அந்தத் தொழிலைச் சிறிய அளவில் செய்து பாருங்கள். வருமானம் என்று எழுதியவர் லாபத்தைக் குறிக்கட்டும். சுதந்திரம் என்று எழுதியவர் எத்தனை முறை பிறருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்பதைக் குறிக்கட்டும். கைத்திறன் என்று எழுதியவர் எத்தனை மணி நேரம் அந்த வேலையையே செய்தார் என்பதைக் குறிக்கட்டும்.

அடுத்து, அந்தத் தாளை மனைவி அல்லது கணவரிடமும், பெற்றோரின் வீட்டையோ நகையையோ அடகு வைப்பதாக இருந்தால் அவர்களிடமும் படித்துக் காட்டவேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் நல்லா வரும் என்று வாழ்த்திவிடுவார்கள். எழுத்தில் பார்த்தால்தான் கேள்வி கேட்பார்கள். கூட்டாளி சேர்வதாக இருந்தால் அவரும் தனியே மூன்று வாக்கியங்களை எழுதி, இருவரும் தாள்களை மாற்றிக்கொள்ளவேண்டும். ஒருவர் லாபத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவும் மற்றவர் அதைத் தொழிலிலேயே போட்டு வளர்க்கவும் நினைப்பது நட்பினால் தீராது. லாபத்தில் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது என்ற இரண்டையும் கூட்டாண்மைப் பத்திரத்தில் எழுதிய பிறகே முதலைப் போடுங்கள்.

தாளின் பின்பக்கத்தில் நிறுத்தும் இடத்தைத் தொகையாகவும் தேதியாகவும் எழுதிவையுங்கள். எவ்வளவு நட்டத்துக்குப் பிறகு, எந்த மாதத்துக்குள் என்பது இன்று நிதானமாக முடிவு செய்யப்படவேண்டியது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது முடிவு செய்தால் நாள் வட்டிக்கு வாங்கியாவது இன்னொரு மாதம் ஓட்டலாம் என்றே தோன்றும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதக் கணக்கை முடிக்கும்போது தாளை எடுத்துப் பார்த்து, காரணம் மாறியிருந்தால் பழைய வரியை அழிக்காமல் கீழே புதிய வரியைத் தேதியிட்டு எழுதி, அதைக் கூட்டாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டுக்கான கடனைப் பற்றிப் பேசுங்கள்.